காணி உறுதியும் மூன்றரை மணித் தேத்தண்ணியும்

வணக்கம்.

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வீட்டில் இருந்தபடியே சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சில நேரம் வழக்குப் பத்திரங்கள். ஐந்து மணிக்கு எழும்பி, ஏழு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வானில் ஏற்றிவிட்டால் வீடு ஓய்ந்துவிடும். அந்த நேரம் வட்ஸ்அப், கூட்டுவது, துடைப்பது என்று போய்விடுகிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு மேசையில் இருந்தால் கண் சொருகும். மூன்றரைக்கு மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் ஒரு ரோல்ஸும் கட்டாயம் வேண்டும். உறுதி ஒன்றைக் கையில் எடுத்தால் உடனே குசினி அலமாரியைத் துப்புரவாக்க ஆசை வரும். கடைசியில் ஒன்பதரைக்கு இன்னொரு தேத்தண்ணி குடித்துவிட்டு, பத்திலிருந்து ஒரு மணி வரை இருந்துதான் முடிக்கிறேன். நேர அட்டவணை நாலு தரம் போட்டேன். ஒன்றும் ஒரு கிழமை தாண்டவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நொத்தாரிசுமார் எழுதும் உறுதிகளோடு இரவு ஒரு மணி வரை மல்லுக்கட்டுகிறவருக்கு மன உறுதி இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் அட்டவணைகள் நாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டவை. உடம்பின் கடிகாரத்தை அவை கேட்கவில்லை.

முதலில் நித்திரை. ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் நாலு மணி நேரம். வளர்ந்தவருக்கு ஏழு மணியாவது வேண்டும். இந்த நித்திரைக் கடன் இருக்கும்வரை எந்த நேரத்தைப் பார்த்தாலும் சோர்வாகவே தெரியும். எது நல்ல நேரம் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஒரு கிழமைக்குப் புது வேலை குறைவாக எடுத்து, பத்து மணிக்குள் படுங்கள். இதற்குக் குறுக்கே நிற்பது அந்த ஒன்பதரைத் தேத்தண்ணி. ஒரு கோப்பைத் தேயிலையில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் எடுக்கும். ஒன்பதரைக்குக் குடித்ததில் பாதி விடிய இரண்டரைக்கும் உள்ளே இருக்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் கூடுதலான நேரம் நிற்கும். கடைசிக் கோப்பை நாலு மணியோடு முடியட்டும். தேத்தண்ணியை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள் தலையிடியில் முழு ஏற்பாட்டையும் கைவிட்டுவிடுவீர்கள்.

அடுத்த கிழமை ஒரு கொப்பி எடுங்கள். காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை மணிக்கு ஒரு வரி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் உங்கள் விழிப்புக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் அந்த நேரம் வந்த ஆசைக்கு ஓர் எழுத்து: தே, இனிப்புக்கு இ, போனுக்கு போ, துப்புரவுக்கு து. பத்து நாள் போதும். இது பெரும்பாலும் பிழைப்பது மூன்று விதத்தில்: இரவில் இருந்து ஞாபகத்தில் முழு நாளையும் நிரப்புவது, தேத்தண்ணி குடித்த பிறகு புள்ளி போடுவது, விழிப்புக்குப் பதில் மனநிலையை எழுதுவது. மாமியோடு கதைவழிப்பட்ட நாளிலும் மூளை ஐந்தாக இருக்கலாம். காய்ச்சல் நாளையும் திருவிழா நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கொப்பியில் என்ன வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் நித்திரையை இரண்டு விசைகளாக விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் சேர்ந்துகொண்டே போகும் நித்திரைப் பாரம். மற்றது, மூளைக்குள் இருக்கும் நாட்கடிகாரத்தின் ஏற்ற இறக்கம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பாரம் ஏறியிருக்கும், கடிகாரம் விழிப்புக்குத் தரும் தாங்கல் அதை ஈடுகட்டும் அளவுக்கு இன்னும் வளர்ந்திராது. சோறு சாப்பிடாமல் விட்டாலும் இந்த இறக்கம் வரும். சோற்றுக் குவியல் அதைக் கூட்டும். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது உங்கள் ஊரில் அந்த இரண்டு மணி நேரம் இன்னும் மோசம். படுக்கும் நேரத்துக்கு முந்திய இரண்டு மூன்று மணியில் கடிகாரம் மறுபடி நன்றாகத் தாங்கும். இரவில்தான் தனக்கு வேலை ஓடும் என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, உங்களுக்கு எட்டிலிருந்து பத்தரை வரைதான் பொன்னான நேரமாக இருக்கும் என்பது என் ஊகம். அதை இப்போது தும்புத்தடிக்குக் கொடுக்கிறீர்கள். உறுதியும் வழக்குப் பத்திரமும் அந்த நேரத்துக்குரியவை. ஐம்பது நிமிடம், பத்து நிமிட ஓய்வு, மறுபடி ஐம்பது. உடம்பு 90 நிமிடச் சுற்றில் ஓடுகிறது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். நித்திரையில் அப்படியொரு சுற்று உண்டு, பகல் விழிப்புக்கு அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உங்கள் கொப்பி சொல்லும் அளவையே எடுங்கள். வாடிக்கையாளர்களுக்கு ‘பதினொரு மணிக்குப் பிறகு அழைக்கவும்’ என்று வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு போனை மற்ற அறையில் வையுங்கள்.

கூட்டுதல், அலமாரி, பற்றுச்சீட்டு எழுதுதல், பக்க அமைப்பு எல்லாம் இரண்டு மணிக்குப் பிறகு. பிறப்புச் சான்றிதழின் பெயர், திகதி, பதிவிலக்கம் சரிபார்ப்பதை மட்டும் அந்த நேரத்தில் செய்யாதீர்கள். தூக்கக் கண்ணுக்கு 1987உம் 1978உம் ஒன்றுபோல இருக்கும். மறுநாள் காலை, மூலத்தை ஒருவர் வாசிக்க நீங்கள் பார்த்துச் சரிபிடியுங்கள். ஆள் இல்லாவிட்டால் இலக்கங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசியுங்கள்.

இரண்டரைக்கு ஒரு குட்டித்தூக்கம் போடலாம். இருபது நிமிடம், அலாரம் இருபத்தைந்துக்கு. நாற்பதைத் தாண்டினால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய், எழும்பும்போது தலை கல்லாக இருக்கும். மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம், இரவு நித்திரையைத் தின்றுவிடும்.

இனி ஆசைகள். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் சொன்னது உங்களுக்குப் பொருந்தும்: மனம் தானாகத் தேடிப் போகும் செயலை, தேடிப் போகாத செயலுக்குக் கூலியாக வைக்கலாம். தேத்தண்ணி இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள். கோப்பையோடு மேசைக்கு வந்தால் கூலி முதலிலேயே கொடுத்தாயிற்று. உறுதியின் காணி எல்லை விவரம் முடிந்தபின் கேத்தலை வையுங்கள். கூலி சின்னதாக, உடனே கைக்கு வருவதாக இருக்க வேண்டும். ‘முழு உறுதியும் முடித்தால் ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி’ என்று வைத்தால் புதன்கிழமை காலைக்கு அது உதவாது. போனைக் கூலியாக வைக்காதீர்கள். கோப்பைக்கு அடி உண்டு, வட்ஸ்அப்புக்கு அடியே இல்லை.

மூன்றரை மணி இனிப்பு ஆசையின் வேர் காலைச் சாப்பாட்டில் இருக்கலாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பாணும் சீனிச் சம்பலும் என்றால் அதில் புரதம் மிகக் குறைவு. பிட்டோடு ஒரு முட்டை, அல்லது அவித்த பயறு, அல்லது முதல்நாள் மீன்குழம்பு சேர்த்துப் பாருங்கள். மூன்றேகாலுக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர். பிறகு ரோல்ஸுக்குப் பதில் ஒரு கைப்பிடி கச்சான். 30 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் புரதம். (கச்சான் காற்றுக்குக் கச்சான் கொட்டை, பொருத்தம்தான்.) சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். சோறு சாப்பிட்டதும் அடக்க முடியாத நித்திரை, கூடவே தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள். நன்றாக நித்திரை கொண்டும் சோர்வு போகாவிட்டால் இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லி வைத்தியரைக் கேளுங்கள்.

அந்த அலமாரி ஆசை பற்றி ஒன்று. அது இரண்டரைக்கு வந்தால் களைப்பு. போய்த் துப்புரவாக்குங்கள், நல்ல வேலை. காலை எட்டரைக்கு, ஐந்து புள்ளி நேரத்தில் வந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். உறுதியில் எந்த வரியில் வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே உங்களுக்குப் பிடிபடாத ஒரு சட்டச் சொல் நிற்கும். அதன் கீழ் கோடு போட்டு, கொப்பியில் எழுதி, அடுத்த வரிக்குப் போங்கள். பதினொரு மணிக்குத் தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் எல்லாச் சொற்களையும் சேர்த்துக் கேட்கலாம்.

பத்து நாள் முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். என் ஊகம் பிழைத்து உங்கள் ஐந்து புள்ளிகள் மாலை ஆறு மணிக்கு விழுந்திருந்தால், பிள்ளைகளின் பாடநேரத்தை எங்கே நகர்த்துவது என்று பார்க்க வேண்டும்.