அப்பா என் பணத்தைத் தொடுவதில்லை

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது முப்பது. பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். என் தந்தை குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். நான் பிளஸ் டூ படித்த 2012-இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. ஓடாத தறிக்குக் கூலி இல்லை. அப்போதும் என் படிப்பை நிறுத்தும் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. பொறியியல் கல்லூரியில் முதல் பட்டதாரிச் சலுகையால் கல்விக் கட்டணம் குறைந்ததே தவிர, விடுதிச் செலவு அப்படியே இருந்தது. அதற்காக அப்பா தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது என்பதால், பக்கத்தில் கூடுதல் கூலி கிடைத்தபோதும் அவர் அங்கேயே இரவு ஷிப்ட் பார்த்தார். பெண்ணை இவ்வளவு படிக்க வைப்பானேன் என்று கேட்ட உறவினர்களிடம் அவர் வாதாடியதில்லை. நான் விடுமுறைக்கு வந்து விடுதிக்குத் திரும்பும் நாட்களில், தலையில் படிந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், காலையில் என்னை சைக்கிளில் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்துதான் படுப்பார்.

வேலைக்குச் சேர்ந்ததும் அந்த முன்பணத்தை நான் அடைத்துவிட்டேன். ஆனால் மாதந்தோறும் நான் அனுப்பும் பணத்தை அவர் தொடுவதில்லை. என் பெயரில் நகைச்சீட்டு கட்டுகிறார். வேலையை விடச் சொன்னால், "சும்மா உக்காந்து என்ன பண்றது கண்ணு" என்கிறார். போனில் மனம்விட்டுப் பேச முயன்றால், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார். அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்காமல் இன்னொரு வீட்டுக்குப் போவது துரோகம் என்று தோன்றுவதால், திருமணப் பேச்சையும் தட்டிக்கழித்து வருகிறேன். நான் எப்படித்தான் நன்றி செலுத்துவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நன்றியுணர்வும் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வும் கலந்திருக்கின்றன. உளவியலில் இவற்றை வேறு வேறாகவே பார்க்கிறோம். நன்றி, உதவியவரிடம் நம்மை நெருங்க வைக்கும். கடன் உணர்வோ அடைத்து முடிக்கும்வரை நிம்மதி தராது. உங்கள் திருமணத்தைத் தள்ளிப்போடுவது இந்த இரண்டாவது உணர்வுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு நோட்டில் தம் பெயருக்கு நேரே ஒரு தொகை நிற்பதால் கூலி பற்றி வாய்திறக்க முடியாத நிலையை ஆண்டுக்கணக்கில் அனுபவித்தவர் உங்கள் தந்தை. அப்படிப்பட்டவர் தம் மகளைத் தமக்கே கடன்காரியாக வைத்துக்கொள்ளச் சம்மதிப்பாரா? அவரை நேரில் அறியாததால் இதை ஊகமாகவே சொல்கிறேன். ஆனால் அந்த நகைச்சீட்டு அநேகமாக உங்கள் திருமணத்துக்காகத்தான். அந்தத் திருமணத்தையோ நீங்கள் அவருக்காகத் தள்ளிப்போடுகிறீர்கள்!

போன் விஷயத்தில் வேறொரு காரணமும் இருக்கலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் வேலை செய்வது காலப்போக்கில் செவியைக் கெடுக்கும். விசைத்தறிப் பட்டறைகளின் இரைச்சல் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியே இருக்கும். இவ்வகைப் பாதிப்பில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் மங்குவதால், குரல் கேட்கும், ஆனால் சொல் பிடிபடாது. போனில் அது இன்னும் சிரமம். அவர் உங்கள் பேச்சைத் தவிர்ப்பதாகத் தோன்றுவது, காது கேட்காததை மறைக்கும் முயற்சியாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே, கடிதம் எழுதுங்கள். 2018-இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்தும் சங்கடத்தை மிகைத்தும் மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி என்று பொதுவாக எழுதினால் அவர் சிரித்து மடித்து வைத்துவிடுவார். இரவெல்லாம் விழித்திருந்த களைப்போடு அவர் சைக்கிள் மிதித்ததையும், பின்னால் உட்கார்ந்து நீங்கள் நினைத்ததையும், அது உங்களை இன்று எங்கே கொண்டு வந்திருக்கிறது என்பதையும் எழுதி, நேரில் கொடுங்கள். உடனே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பணம் அனுப்புவதை நிறுத்த வேண்டாம். வேலையை அடியோடு விடும்படி வற்புறுத்தாமல், இரவு ஷிப்டை மட்டும் விடச் சொன்னால் அவர் இசையக்கூடும். திருமணத்தில் உங்களுக்கே விருப்பமில்லை என்றால் அது வேறு. விருப்பமிருந்தால் அப்பாவைக் காரணம் காட்டாதீர்கள். பெற்றோருக்குப் பணம் அனுப்புவது மணமான பின்னும் தொடரும் என்பதைப் பெண் பார்க்க வருபவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்று செவித்திறனைப் பரிசோதியுங்கள். இரைச்சலால் இழந்த திறன் திரும்புவதில்லை என்றாலும், எஞ்சியதைக் காதடைப்பான் அணிந்து காக்கலாம். தேவைப்பட்டால் செவிக்கருவியும் உதவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மறுப்பார். உங்களோடு போனில் பேச வேண்டும் என்பதற்காக வரச் சொன்னால் வருவார் என்று நம்புகிறேன்.