கடைக்கு வந்தவரிடம் முகவரியை எப்போது கேட்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்களுக்கு மசாலா, பூஜைச் சாமான் கடை. போன வருடம் மகன் ஓர் இணையதளமும் தொடங்கிக் கொடுத்தான். வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒரு மின்மடல் அனுப்ப ஆசை. அதற்கு ஈமெயில் முகவரிகள் சேர்க்க வேண்டும். தளம் திறந்த மூன்றாவது நொடியில் 'பதிவு செய்தால் 10 சதவீதம் தள்ளுபடி' என்று தானாக எழும்புகிற பெட்டி, அதாவது பாப்-அப், வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். என் நாத்தனாரே, 'கற்பூரம் விலை பார்க்க வந்தேன், அந்தப் பெட்டியை மூடவே முடியவில்லை, விட்டுவிட்டேன்' என்கிறார். எடுத்துவிடலாமா?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் அது வருகிற நேரத்தையும் இடத்தையும் மாற்றியே ஆக வேண்டும். உங்கள் நாத்தனார் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது. தைப்பூசக் காவடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, டாக்சிக்குக் காத்திருந்த நேரத்தில், மயிலிறகு கிடைக்குமா என்று ஒரு கடையின் தளத்தைத் திறந்தேன். திரை முழுக்க ஒரு பெட்டி விழுந்தது. மூடுகிற பெருக்கல் குறி மிளகு அளவில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைத் தொடப் போன விரல் பக்கத்தில் முகவரி எழுதும் கட்டத்தில் பட்டுவிட்டது. உடனே கீழிருந்து கீபோர்டு எழும்பிப் பெட்டியை மேலே தள்ள, பெருக்கல் குறி திரைக்கு வெளியே போய்விட்டது. இத்தனைக்கும் நடுவில் பெட்டிக்குள் இருந்த பெரிய படம் என் ப்ரீபெய்டு டேட்டாவைத் தின்றுகொண்டிருந்தது. மயிலிறகை வேறு கடையில் வாங்கினேன்.

அதனால் முதல் வேலை, வீட்டில் இருக்கிற மிகப் பழைய போனில் உங்கள் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். பெருக்கல் குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும், கட்டைவிரலால் தொட்டால் மூட வேண்டும். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலக வழிகாட்டு நெறிகளில் இதற்கு அளவே இருக்கிறது: தொடுகிற இடம் குறைந்தது 24 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம். 44 வைத்தால் இன்னும் நல்லது. பெட்டிக்கு வெளியே எங்கு தொட்டாலும் மூட வேண்டும். கம்ப்யூட்டரில் எஸ்கேப் பொத்தானை அழுத்தினாலும் மூட வேண்டும். படம் வேண்டவே வேண்டாம், இரண்டு வரி எழுத்து போதும்.

அப்புறம் அந்த மூன்றாவது நொடி. அந்த நேரத்தில் வந்தவர் உங்களிடம் இன்னும் எதையும் பெறவில்லை. விலையும் தெரியாது, பொருள் இருக்கிறதா என்றும் தெரியாது. எதுவும் கொடுக்காமலே முகவரியைக் கேட்கிறீர்கள், எரிச்சல் அங்கேதான் வருகிறது. முதலில் அவருக்கு ஏதாவது கிடைக்கட்டும், பிறகு கேளுங்கள். உங்கள் தளத்தில் சுகர் பீன்ஸ் கறிக்கு ஒரு செய்முறை போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதைக் கடைசி வரி வரை படித்தவருக்கு உங்கள் மேல் ஒரு நம்பிக்கை வந்திருக்கும். செய்முறை முடிகிற இடத்திலேயே, எதையும் மறைக்காமல், பக்கத்தின் ஒரு பகுதியாகவே ஒரு சின்னக் கட்டம் வையுங்கள். 'புரட்டாசி வருகிறது. கறி மீன் இல்லாத நாட்களுக்குச் சமையல் குறிப்பு வேண்டுமா? மாதம் ஒரு மடல்தான்.' என்ன வரும், எத்தனை முறை வரும் என்று இந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. 'எங்கள் செய்திகளைப் பெறுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கு ஆசை வரும்? 'மாமியார் மசாலா புதிதாக அரைத்ததும் சொல்லட்டுமா?' என்று கேளுங்கள், சரி சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஆர்டர் கொடுத்து முடித்ததும் வருகிற நன்றிப் பக்கமும் இதற்கு நல்ல இடம். பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் எதுவும் குறுக்கே வரக் கூடாது.

பாப்-அப்தான் வேண்டும் என்றால், திரையின் கீழ் ஓரத்தில் எழும்புகிற சிறு பட்டையாக வையுங்கள். இரண்டாவது பக்கத்துக்குப் போனவருக்கும், ஒரு பக்கத்தைப் பாதிக்கு மேல் படித்தவருக்கும் அது வந்தால் போதும். திரையை மறைக்கிற பெட்டிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. கூகுள் தேடலிலிருந்து போனில் வருபவருக்கு எடுத்த எடுப்பில் பக்கத்தை மறைக்கிற தளங்கள் தேடலில் கீழே இறங்கலாம் என்று கூகுள் 2017 ஜனவரி 10 முதல் வைத்திருக்கிறது. சட்டப்படி காட்ட வேண்டிய அறிவிப்புகளுக்கும், கொஞ்சம் இடம் மட்டும் எடுத்து எளிதாக மூடுகிற பட்டைகளுக்கும் அதில் விலக்கு உண்டு.

'போகிறவரைப் பிடிக்கிற பாப்-அப்' என்று ஒன்றையும் உங்களிடம் விற்கப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் மவுஸ் திரையின் உச்சிக்குப் போவதைப் பார்த்து, ஆள் கிளம்புகிறார் என்று அது கணிக்கும். போனில் மவுஸ் ஏது? பின்னால் போகும் பொத்தானையோ, வேகமாக மேலே தள்ளுவதையோ வைத்து ஊகிக்கிறது. பாதி நேரம் தப்பாகவே ஊகிக்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் போனில்தான் வருகிறார்கள் என்றால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒருமுறை மூடியவருக்கு ஒரு மாதமாவது அந்தப் பட்டை மறுபடி வரக் கூடாது. ஏற்கெனவே பதிவு செய்தவருக்கு வரவே கூடாது. முக்கியமாக, உங்கள் மடலில் உள்ள இணைப்பைத் தொட்டு வருகிறவருக்கு. மடலிலிருந்தே வந்தவரிடம் 'மடல் வேண்டுமா' என்று கேட்கிற தளங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு விட்டுப்போகும். மடலின் இணைப்பில் ஓர் அடையாளக் குறி சேர்த்தால் தளம் அவரைத் தெரிந்துகொள்ளும்.

10 சதவீதத் தள்ளுபடியைப் பற்றி என் எண்ணம்: நிறுத்துங்கள். அதற்காக வருகிறவர்களில் பலர் பயன்படுத்தாத முகவரியைக் கொடுத்துவிட்டுத் தள்ளுபடிக் குறியீட்டை வாங்கிப் போய்விடுவார்கள். பத்து வருடமாக முழு விலை கொடுத்து வாங்குகிற அம்மாவுக்கு அது கிடைப்பதும் இல்லை. 'வேண்டாம், எனக்குக் காசு மிச்சம் பிடிக்கப் பிடிக்காது' என்று மறுப்புப் பொத்தானில் எழுதச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். நம் வாயாலேயே நம்மைக் குறை சொல்ல வைக்கிற வேலை அது. 'இப்போது வேண்டாம்' என்பது போதும்.

பதிவு செய்தவருக்கு ஒரு உறுதி மடல் போகட்டும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால்தான் பட்டியலில் சேர வேண்டும். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. தப்பாக எழுதிய முகவரிகள் அப்போதே விழுந்துவிடும். கேட்காதவருக்கு மடல் போனால் அவர் 'ஸ்பாம்' என்று குத்துவார். அப்படிக் குத்துகிறவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் விதி வைத்திருக்கிறது. ஆயிரம் பேரில் மூன்றே பேர்! அதைத் தாண்டினால் ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்கும் உங்கள் மடல் போய்ச் சேராமல் போகலாம்.

பட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு மாதம் காட்டுங்கள். எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், இரண்டு பாதியிலும் எத்தனை பேர் பொருள் வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். பட்டை பார்த்த பாதியில் விற்பனை குறைந்திருந்தால் அது உங்களுக்கு நஷ்டம்தான்.

கேள்வி: எங்கள் ஆர்டர் புத்தகத்தில் பழைய வாடிக்கையாளர்களின் ஈமெயில் எல்லாம் இருக்கிறது. அவர்களை அப்படியே மின்மடல் பட்டியலில் சேர்த்தால் என்ன?
– பீனிக்ஸ் வாசகர்

பதில்: எல்லோரையும் சேர்க்க முடியாது. நாம் 'போப்பியா' (POPIA) என்று சொல்கிற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறி, 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கிறது. அதன் 69-வது பிரிவுப்படி, விளம்பர ஈமெயில் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும். உங்களிடம் பொருள் வாங்கும்போது முகவரி கொடுத்தவருக்கு, அதே மாதிரிப் பொருட்களைப் பற்றி அனுப்பலாம். ஆனால் முகவரி வாங்கிய அன்றே 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மடலிலும் அந்த வாய்ப்பு இருக்க வேண்டும். வாங்காதவரிடம் சம்மதம் கேட்டு ஒரே ஒரு முறைதான் எழுதலாம். அவர் மறுத்திருந்தால் அதுவும் கூடாது. சம்மதம் என்பது அவராக, எதற்கு என்று தெரிந்து, சொல்வது. நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது.

கேள்வி: ஒரு பாப்-அப்பில் தள்ளுபடிக்காக ஈமெயில் கொடுத்தேன். இப்போது தினமும் மடல். நிறுத்தப் போனால் முதலில் கணக்குத் தொடங்கி லாகின் செய் என்கிறது. என்ன செய்வது?
– வெருலம் வாசகி

பதில்: கணக்கெல்லாம் தொடங்காதீர்கள், இன்னும் அதிகத் தகவல்தான் கொடுப்பீர்கள். வந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்: 'எனக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்துங்கள், என் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.' தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் யார், நிறுத்தச் சொல்லி எங்கே எழுதலாம் என்பது ஒவ்வொரு விளம்பர மடலிலும் இருந்தாக வேண்டும் என்பது போப்பியா விதி. விளம்பரத்தை மறுக்கிற உரிமை 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவிலும் இருக்கிறது. நிறுத்தச் சொன்னதற்குக் கட்டணம் கேட்கவும் முடியாது. அதன் பிறகும் வந்தால், அந்த நகலையும் வந்த மடல்களையும் சேர்த்துத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு (Information Regulator) புகார் அனுப்புங்கள். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.