வளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர்களுக்கான மையத்தில் ஆலோசனைக் குழு உறுப்பினராகச் சேரச் சொல்கிறார்கள். பயன் உண்டா, வெறும் பெயருக்குத்தானா?

சேருங்கள். உங்கள் வீட்டிலும் பதினெட்டைத் தாண்டிய ஒரு பிள்ளை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: மையத்துக்குத் தினமும் வரும் இளைஞர்களில் யாராவது அந்தக் குழுவில் இருக்கிறார்களா? "அவங்களுக்கு என்னங்க புரியும்?" என்று பதில் வந்தால், நீங்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும்.

என் தம்பிக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. பட அட்டைகளைக் காட்டித்தான் வேண்டியதைக் கேட்பான். அவன் போகும் தொழிற்பயிற்சி மையத்தின் ஆலோசனைக் குழுவில் முதலில் அம்மா இருந்தார். மூட்டுவலியால் அவரால் மாடி ஏற முடியாமல் போனதும் அந்த இடத்துக்கு நான் வந்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ஒரு டாக்டர், நன்கொடையாளர்கள், பெற்றோர் என்று மேசை நிறைந்திருக்கும். அக்கறை இல்லாதவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காக மாடியில் கூட்டம் நடந்ததோ, அவர்கள் கீழே காகிதக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் இரண்டு பேரையாவது குழுவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். தயங்கினார்கள். 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை எடுத்துக் காட்டினேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளரை நியமிப்பது மாவட்டத்தில் இருக்கும் ஒரு குழு. கலெக்டர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர் அதில் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அமையும் மாநில ஆலோசனை வாரியத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் உண்டு. கலெக்டருக்குப் பக்கத்தில் உட்காரலாம், நம் மாடியில் உட்காரக் கூடாதா என்று கேட்டேன்.

சரி என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்து, சமோசா கொடுத்து, போட்டோ எடுத்து, கீழே அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதன் பிறகு விடாமல் பேசித்தான் சில ஏற்பாடுகளை வாங்கினேன். பேசப் போகும் விஷயம் ஒரு வாரம் முன்பே படத்தாளாக அவர்கள் கைக்குப் போக வேண்டும். அவர்களுக்குப் பழக்கமான டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான். கேட்ட பிறகு, பதில் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் களைத்துப் போகும் முன் அவர்கள் பகுதிதான் முதலில் வர வேண்டும்.

அப்படி நடந்த முதல் கூட்டத்தில், நன்கொடையாக வரவிருந்த மெழுகுவர்த்தி மெஷினை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்திருக்கும். அதற்கு முன்பு, மையத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு படம் வைத்து, பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் கழிப்பறைப் படத்தில் பொட்டை ஒட்டினாள். ஏன் என்று டீச்சர் கேட்டதும், "கதவு... யாராச்சும் வர்றாங்க" என்றாள்.

யாராவது உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்ற பயத்தில் கழிப்பறைத் தாழ்ப்பாளை எப்போதோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். வயது வந்த பெண்கள் கதவைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். அந்த மேசையில் யாருக்குமே இது தெரியாது. உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கும் பூட்டு கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்டினார்கள். அந்தப் பெண் இப்போது குழுவின் நிரந்தர உறுப்பினர். எனக்கு அதில் இருக்கும் பெருமையை மறைக்க மாட்டேன்.

பெற்றோரைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த மையம் இருப்பதே பெற்றோரால்தான். தீவிரக் குறைபாடு உள்ளவரிடம் எதைக் கேட்பது என்றும் சிலர் சொல்வார்கள். என் தம்பியே அப்படிப்பட்டவன்தான். மெஷின் ஓடும் அறைக்குள் அழைத்துப் போனால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறான். அதுவும் பதில்தான், அதையும் குறிப்பில் எழுதச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காததை ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் பயணம் இலவசம். தம்பியைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்காரு" என்று ஒரு கண்டக்டர் எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். அடையாள அட்டை என் கையில்தான் இருந்தது, வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வெயிலில் நின்று தம்பி கையைக் கடித்துக்கொண்டதை நான்தான் பார்த்தேன். ஆட்டிசம் முகத்தில் எழுதியிருக்காது என்பதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது?

அப்புறம், சேர்ந்ததும் இன்னும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கூட்டத்துக்கு வரும் இளைஞருக்கும் துணைக்கு வருபவருக்கும் போக்குவரத்துச் செலவை மையம் தர வேண்டும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளில் ஒருவருக்காவது தனி இடம் வேண்டும், ஏனென்றால் அப்பா அம்மாவுக்குப் பிறகு கூட இருக்கப் போவது நாங்கள்தான். எங்கள் குழுவில் முதலாவது கிடைத்துவிட்டது. இரண்டாவதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.