கேரவனுக்குச் சின்ன ஜெனரேட்டர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் கேரவனை நிறுத்தி நாலைந்து நாள் தங்குவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஜெனரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டுவதும் நானேதான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, புகை பற்றிய பதிலை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: அக்கா, முதல் தடவை ஜெனரேட்டர் வாங்கப் போகிறேன். 1 கிலோவாட் போதுமா, 2 கிலோவாட் வேண்டுமா?

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் கேரவனில் இருக்கும் மின்பொருட்களை எழுதுங்கள் தம்பி. ஒவ்வொன்றின் முதுகிலும் வாட் அளவு ஒட்டியிருக்கும். எல்இடி விளக்குகள் எல்லாம் சேர்ந்தே 20, 30 வாட் தான். லேப்டாப் சார்ஜர் 60 வாட் அளவில் இருக்கும். 20 ஆம்பியர் பேட்டரி சார்ஜர் முழு வேகத்தில் 350 வாட் வரை இழுக்கும். மைக்ரோவேவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '800 வாட்' என்று போட்டிருந்தால் அது சாப்பாட்டுக்குள் போகும் சக்தி. பிளக்கிலிருந்து அது இழுப்பது 1200 வாட்டுக்கு மேல். வீட்டில் வைத்திருக்கும் மின்கெட்டில் 1500 வாட், சில 2000 வாட்டுக்கு மேலும் இழுக்கும். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் வையுங்கள்.

மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் எவை எவை ஓடும் என்பதுதான் கணக்கு. பேட்டரி சார்ஜர், டிவி, விளக்கு என்றால் 1 கிலோவாட் தாராளம். எடையும் 13 கிலோ அளவில்தான், ஒரு கையால் தூக்கலாம். மைக்ரோவேவோ சின்ன ஏசியோ வேண்டும் என்றால் 2 கிலோவாட். அது 20 கிலோவைத் தொடும். கேரவனின் எடை வரம்பையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவு சின்ன எழுத்தில் இருக்கும். '2 கிலோவாட்' என்று விற்பவை பெரும்பாலும் தொடர்ந்து தருவது 1600 முதல் 1800 வாட் வரைதான். அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் விலையில் பாதிக்கே 3 கிலோவாட் சாதாரண ஜெனரேட்டர் கிடைக்கிறதே. எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்?

பதில்: சாதாரண வகையில் இன்ஜின் சுற்றும் வேகம்தான் மின்சாரத்தின் அலைவெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பதைத் தீர்மானிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸ் என்றால் 3600 சுற்று. ஒரு போன் மட்டும் சார்ஜ் ஆனாலும் அதே வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும், பெட்ரோலும் போகும். ஏசி, பம்ப் போன்ற கனமான எதையாவது ஆன் செய்தால் வேகம் தடுமாறும், வோல்டேஜும் கூடவே ஆடும்.

இன்வெர்ட்டர் வகை, உண்டாகும் மின்சாரத்தை முதலில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஆக்கி, பிறகு எலெக்ட்ரானிக்ஸ் மூலம் சீரான ஏசி மின்சாரமாக (திசை மாறி மாறி ஓடுவது, குளிரூட்டும் ஏசி அல்ல) மாற்றுகிறது. அதனால் இன்ஜின் தேவைக்கு ஏற்ப மெதுவாகவும் ஓடலாம். கேரவனின் சார்ஜர், ஃபிரிட்ஜ் போர்டு, லேப்டாப் எல்லாம் சுத்தமான அலையை எதிர்பார்ப்பவை. டிரில்லிங் மெஷின், ஹீட்டர் ஓட்ட மட்டும் என்றால் சாதாரணதை வாங்குங்கள், தப்பில்லை. கேரவனுக்கு நான் இன்வெர்ட்டர் வகையைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 2 கிலோவாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வைத்திருக்கிறேன். கேரவன் ஏசி 1200 வாட் தான். ஆனாலும் கம்ப்ரசர் ஆன் ஆகும்போது ஓவர்லோட் விளக்கு எரிந்து கரண்ட் போய்விடுகிறது. ஜெனரேட்டர் பழுதா?

பதில்: பழுது இல்லை. நின்றிருக்கும் கம்ப்ரசர் மோட்டாரைச் சுற்ற வைக்க, ஓடும்போது தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு கரண்ட் ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணத்தை ஜெனரேட்டர் தாங்கவில்லை.

முதலில் ஈகோ சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். ஈகோவில் இன்ஜின் மெதுவாக ஓடும், திடீர் சுமை வந்தால் வேகம் பிடிப்பதற்குள் படுத்துவிடும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏசியை மட்டும் போடுங்கள். முதலில் ஃபேன் மட்டும், ஒரு நிமிடம் கழித்துக் கூலிங். ஏசி ஒருமுறை நின்றுவிட்டால் நாலைந்து நிமிடம் பொறுங்கள். உள்ளே வாயு அழுத்தம் சமமாவதற்குள் மறுபடி போட்டால் மோட்டார் திணறும்.

இவ்வளவு செய்தும் நின்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்துங்கள். தொடக்க இழுப்பைக் கணிசமாகக் குறைக்கும் சின்னப் பெட்டி அது. தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு மாட்டுவதே நல்லது. இணைத்து ஓட்டவென்றே செய்த இரண்டு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களை அதற்கான கேபிளில் சேர்ப்பது இன்னொரு வழி. சாதாரண ஜெனரேட்டர்கள் இரண்டை ஒயர் போட்டு ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. இரண்டின் அலையும் ஒத்துப்போகாமல் இரண்டுமே எரியும்.

கேள்வி: மழை வந்தால் ஜெனரேட்டரை கேரவன் முன்னால் இருக்கும் கூடாரத் தாழ்வாரத்துக்குள் வைக்கலாமா? பக்கத் துணியைத் திறந்துதான் வைப்போம்.

பதில்: வேண்டாம். ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு இழுத்துக்கொண்டே இருப்போம், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்றுதான் ஆரம்பிக்கும். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டால் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம்.

எனக்கே ஒருமுறை நடந்தது. ஜெனரேட்டரை வெளியேதான் வைத்திருந்தேன், ஆனால் கேரவன் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில். சாயங்காலம் காற்றுத் திசை மாறிப் புகை தரையிலுள்ள காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வந்துவிட்டது. அலாரம் கத்திய பிறகுதான் தெரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அன்றைக்கு அலாரம் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால் குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். புகைக்குழாய் கேரவனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும், காற்றும் கேரவனிலிருந்து ஜெனரேட்டர் பக்கம் வீசட்டும். பக்கத்தில் வேறு யாராவது தங்கியிருந்தால் அவர்கள் ஜன்னலையும் பாருங்கள். காற்று மாறினால் இடத்தை மாற்றுங்கள். தூங்கப் போகும் முன் ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கேரவனுக்குள் கட்டாயம் இருக்கட்டும், பயணத்துக்கு முன் பட்டனை அழுத்திச் சோதியுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு.

மழைக்கு, நான்கு பக்கமும் திறந்த, மேலே மட்டும் மூடிய உயரமான மறைப்பு கேரவனிலிருந்து தள்ளி இருந்தால் அதன் கீழே வைக்கலாம். இல்லையென்றால் மழை விடும்வரை பேட்டரியில் சமாளியுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரில் ஓடும்போது கேரவன் சாக்கெட்டில் ஒயரிங்கைச் சரிபார்க்கும் சோதனை பிளக்கைச் செருகினால் 'எர்த் தவறு' என்று விளக்கு எரிகிறது. அதே கேரவனை மெயின் லைனில் போட்டால் சரியாகக் காட்டுகிறது. ஆபத்தா மேடம்?

பதில்: நல்ல வேளை, கவனித்துக் கேட்டீர்கள். மெயின் லைனில் நியூட்ரல் ஒயர் ஏதோ ஓரிடத்தில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. வரும் இரண்டு ஒயரும் எர்த்தோடு சேராமல் தனியாக மிதக்கும். எர்த்தை அடிப்படையாக வைத்துப் பார்க்கும் சோதனை பிளக்குக்கு இது புரியாது, அதனால் தவறு என்று காட்டுகிறது. சில சார்ஜர்களும் இதே காரணத்தால் வேலை செய்ய மறுக்கும்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. கேரவனில் உயிர் காக்கும் ஆர்சிசிபி (கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), கரண்ட் எர்த் வழியாகக் கசிந்து திரும்பினால்தான் டிரிப் ஆகும். மிதக்கும் இணைப்பில் முதல் கசிவுக்குத் திரும்பும் பாதை இல்லை, எனவே ஷாக்கும் இல்லை, டிரிப்பும் இல்லை. ஆனால் அந்தப் பழுது யாருக்கும் தெரியாமல் அப்படியே கிடக்கும். இன்னொரு பொருளில் மற்ற ஒயரில் இரண்டாவது கசிவு வந்தால் முழு வோல்டேஜும் உடம்பு வழியாகப் பாயலாம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அப்போதும் டிரிப் ஆகும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த் தேவையில்லை. அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஜெனரேட்டரிலிருந்து நேராக ஒரே ஒரு பொருளை ஓட்டும்போது மிதக்கும் அமைப்பு பாதுகாப்பானதுதான். பல பொருட்கள் உள்ள கேரவன் முழுவதற்கும் கொடுக்கும்போது நியூட்ரலையும் எர்த்தையும் ஜெனரேட்டர் பக்கம் ஒரே ஓரிடத்தில் சேர்க்க வேண்டியிருக்கலாம். உங்கள் மாடலின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்து, உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். கேரவனுக்குள் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டு மெயின் லைனில் செருகக் கூடாது.

கேள்வி: ஜெனரேட்டரிலேயே 12 வோல்ட் சாக்கெட் இருக்கிறதே, அதிலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கொடுத்தால் என்ன?

பதில்: பெரும்பாலும் அது 8 ஆம்பியர் அளவில்தான் தரும். பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளவும் தெரியாது. கேரவனின் சொந்தச் சார்ஜரை ஜெனரேட்டரின் ஏசி மின்சார சாக்கெட் வழியாக ஓட்டுங்கள். வேகமாகவும் ஏறும், பேட்டரியும் பிழைக்கும்.

கேள்வி: ஆறு மாதம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது.

பதில்: பத்தில் எட்டு தடவை காரணம் பழைய பெட்ரோல்தான் என்பது என் அனுபவம். ஆவியாகும் பகுதி போய் மீதி பிசினாகிக் கார்புரேட்டரின் மயிரிழைத் துளையை அடைத்துவிடும். டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி அதையும் வடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். கிளம்பவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றி கிளீனர் அடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை எடுத்து வைக்கும்போது பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். மாதம் ஒருமுறை பத்து, பதினைந்து நிமிடம் ஏதாவது சுமை கொடுத்து ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது. ஆயில் அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். புது ஜெனரேட்டருக்கு முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், அப்புறம் 100 மணி நேரம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு.

கேள்வி: ஆயில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆயில் விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது.

பதில்: சாய்வான தரையில் வைத்திருப்பீர்கள். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஆயிலே இல்லை என்று சென்சார் நினைத்து நிறுத்திவிடும். சமதளத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மலைமேல் போனால் சக்தி குறையுமா?

பதில்: குறையும். 300 மீட்டர் ஏறினால் சுமார் 3.5 சதவீதம் போகும். 2000 மீட்டர் உயரத்தில் 1800 வாட் ஜெனரேட்டர் 1400 வாட்கூடத் தராது. அங்கே ஏசிக்குத் தேவையும் பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: கேரவனில் ஏற்கெனவே சிலிண்டர் இருக்கிறது. காஸில் ஓடும் ஜெனரேட்டர் வாங்கினால் புகை ஆபத்து இல்லைதானே அக்கா?

பதில்: இருக்கிறது. காஸ் கெட்டுப்போகாது, கார்புரேட்டரை அடைக்காது, பெட்ரோல் வாடை இல்லை. சக்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் கார்பன் மோனாக்சைடு அதிலும் வரும். அதே 6 மீட்டர், அதே அலாரம்.

கேள்வி: தள்ளி வைத்தால் நீளமான ஒயர் வேண்டுமே. சாதாரண எக்ஸ்டென்ஷன் போதுமா?

பதில்: போதாது. வெளிப்புறத்துக்கான ரப்பர் உறை போட்ட, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் எடுங்கள். உருளையில் சுற்றியபடி ஓட்டாதீர்கள், சூடேறி உருகும். முழுதாக விரித்துப் போடுங்கள். தூரத்தால் இன்னொரு லாபமும் உண்டு: திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும்.

கேள்வி: பக்கத்தில் தங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினால் போதும்?

பதில்: நாள் முழுக்க ஓட்டுவதால்தான் பலருக்கு ஜெனரேட்டர் என்றாலே வெறுப்பு. அது பேட்டரியை நிரப்பட்டும், மீதி நேரம் நீங்கள் பேட்டரியில் வாழுங்கள். 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். 20 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் எண்பது சதவீதத்துக்கு வந்துவிடும். கடைசி இருபது சதவீதம் மட்டும் பல மணி நேரம் இழுக்கும், அதற்காக ஜெனரேட்டரை ஓட்டுவது வீண். அந்த மீதியைக் கூரையில் ஒரு சோலார் தகடு நிதானமாக நிரப்பட்டும். லித்தியம் பேட்டரி கிட்டத்தட்ட கடைசிவரை முழு வேகத்தில் ஏற்றுக்கொள்ளும். 40 ஆம்பியர் சார்ஜரில் காலியான 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி சுமார் இரண்டரை மணி நேரத்தில் நிறையும், அதை 1 கிலோவாட் ஜெனரேட்டரே செய்யும்.

ஃபிரிட்ஜ் காஸிலும் ஓடும் வகை என்றால் நிறுத்தியிருக்கும்போது காஸிலேயே விடுங்கள். பெட்ரோல் ஊற்றும் வேலையை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நான் காலையில் எல்லோரும் எழுந்த பிறகு, பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்குப் போட்டுப் பதினொன்றுக்கு அணைத்துவிடுவேன். மைக்ரோவேவ் வேலை இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே, சார்ஜரைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் செய்துகொள்வேன்.