சைடர் கேள்வி-பதில்: மாம்பழம் ஊற்றினால் சலுகை போச்சு

பிரிட்டனில் சிறிய அளவில் சைடர், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது, செய்து விற்க நினைப்பவர்களின் கடிதங்கள் இம்முறை நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்ததால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஆண்டுக்கு 70 ஹெக்டோலிட்டருக்குள் செய்தால் எந்த அனுமதியும் வேண்டாமாமே? (லெஸ்டர்)

யார் சொன்னது? 7,000 லிட்டர் வரை ஆயத்தீர்வை இல்லை, வரித்துறையின் தயாரிப்பாளர் ஒப்புதலும் தேவையில்லை. சலுகை அதோடு நின்றுவிடுகிறது. தொடங்குவதற்கு 28 நாள் முன்பே கவுன்சிலில் உணவுத் தொழிலாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. எந்தத் தேதியில் எவ்வளவு பிழிந்தீர்கள், எவ்வளவு விற்றீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். வரம்புக்குள்தான் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

அவ்வளவு சைடருக்கு எத்தனை ஆப்பிள்?

டன்னுக்கு 600 லிட்டர் சாறு என்று வையுங்கள். 11, 12 டன் வரும். காரில் ஏற்றிவர முடியாது.

மாம்பழக் கூழ் சேர்த்து நம்மவர்களுக்குப் பிடித்த சைடர் செய்ய ஆசை. சலுகை உண்டுதானே? (ஹாரோ)

இந்த ஆண்டு வரும் மூன்றாவது மாம்பழக் கடிதம் இது. இதற்கு முன் ஏலக்காய், அதற்கும் முன் ஸ்ட்ராபெரி. மறுபடியும் சொல்கிறேன்: சட்டத்தின் கண்ணில் சைடர் என்பது ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாறு புளித்தது. சாறு குறைந்தது 35 சதவீதம். ஆல்கஹால் 1.2 சதவீதத்துக்கு மேல், 8.5-க்குக் கீழ். வேறு பழமோ மசாலாவோ சேர்த்து நிறமும் சுவையும் ஏற்றினால், வரிக் கணக்கில் அது சைடர் அல்ல, ‘பிற புளித்த பானம்’. அங்கே 70 ஹெக்டோலிட்டர் சலுகை கிடையாது. விற்பதற்காக ஒரு லிட்டர் செய்தாலும் முன்கூட்டியே ஒப்புதல், கணக்குத் தாக்கல், தீர்வை எல்லாம் வரும். சிறு தயாரிப்பாளர் தள்ளுபடி உண்டுதான், ஆனால் அது தீர்வையைக் குறைக்குமே தவிர ஒழிக்காது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ஆண்டில் 200 லிட்டரில் இஞ்சி போட்டுவிட்டு, அதன் பிறகே விதியைப் படித்தேன். ஒரு பாட்டில்கூட விற்க முடியவில்லை. அடுத்த கோடை வரை வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் இஞ்சிச் சைடர்தான் குடித்தார்கள். இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. சைடரில் வினிகர் வாடை ஏறிவிட்டால் அதை மூடி மறைக்க மாம்பழத்தைப் போல் வேறொன்றில்லை. முதலில் வெறும் ஆப்பிளில் நல்ல சைடர் செய்யுங்கள். மாம்பழச்சாறு வேண்டுமென்பவர் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளட்டும்.

வீட்டுக் கராஜில் செய்யலாமா? (குரோய்டன்)

கராஜின் நீள அகலம் எழுதியவர், எத்தனை லிட்டர் என்று எழுதவில்லை. நூறு, இருநூறு லிட்டர் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். லாரியில் பழம் வந்து, பிழியும் சத்தம் தெரு முனை வரை கேட்டு, வாடிக்கையாளர்களும் வாசலில் நின்றால் அது ‘பயன்பாட்டு மாற்றம்’, அதாவது வீட்டைத் தொழிலிடமாக மாற்றியதாகும். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே கவுன்சிலின் திட்டமிடல் பிரிவைக் கேளுங்கள்.

அடுத்த சனிக்கிழமைச் சந்தையில் விற்க என்ன உரிமம்?

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது அந்தச் சனிக்கிழமையே போய்விட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓரிரு நாள் விற்க உரிமத்துக்குப் பதில் தற்காலிக நிகழ்வு அறிவிப்பைக் கவுன்சிலிடம் பத்து முழு வேலைநாள் முன்பு கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. ஒரே நேரத்தில் 499 பேர் வரை. தனிநபர் உரிமம் (மது விற்க ஒருவர் பெயரில் தரும் உரிமம்) இல்லாதவர் ஆண்டுக்கு ஐந்து முறை கொடுக்கலாம். ஐந்து முதல் ஒன்பது வேலைநாள் முன்பு கொடுக்கும் தாமத அறிவிப்பும் உண்டு. ஆனால் போலீஸோ சுற்றுப்புறச் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் அத்தோடு சரி.

நிரந்தரமாக விற்க வளாக உரிமம், அதாவது விற்கும் இடத்துக்கான உரிமம், வேண்டும். வாசலில் வெளிர் நீல நோட்டீஸ், 28 நாள் ஆட்சேபக் காலம், உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம். சில ஊர்களில் உரிமக் கட்டணத்தைவிட விளம்பரச் செலவு அதிகம்.

பப்புகளுக்கு மட்டும் விற்றால்?

உரிமம் உள்ள வியாபாரி தன் வியாபாரத்துக்காக வாங்கினால் அது சில்லறை விற்பனை அல்ல, வளாக உரிமம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் விற்றால் தேவை. விற்ற கணக்கை எழுதி வையுங்கள்.

ஜனவரியில் அடைத்த பாட்டில்கள் மே மாதம் வெடித்தன. ஈஸ்ட் கெட்டதா?

ஈஸ்ட் நன்றாகவே இருந்திருக்கிறது. சாற்றில் சர்க்கரை மிச்சமிருக்கிறதா என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை நீங்கள்தான் பார்க்கவில்லை. அளவு 1.000-க்கு இறங்கி இரண்டு வாரம் அசையாமல் நின்ற பிறகே அடையுங்கள். தினமும் அந்த அளவை எழுதி வையுங்கள்.

சைடருக்கு எந்த மரம் நடலாம்? (கென்ட்)

டாபினெட் என்ற சைடர் ஆப்பிள் வகையை நடலாம். குட்டை மரமாக வளர்த்தாலும் காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதுவரை அக்கம்பக்கத் தோட்டங்களில் மிஞ்சும் பிராம்லி என்ற சமையல் ஆப்பிளை வாங்கிப் பிழியுங்கள்.