மதுரையிலிருந்து முதல் ஷெங்கன் விசா: ஏஜென்ட் இல்லாமல் முடியுமா?

உங்கள் கேள்வி: மதுரையில் சொந்தக் கடை, சம்பளச் சீட்டு கிடையாது. குடும்பத்தோடு முதல் தடவையாக ஐரோப்பா சுற்றிப் பார்க்க ஆசை. ஏஜென்ட் இல்லாமல் நானே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியுமா, எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முடியும். நானும் கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவன்தான். நான், மனைவி, 9 வயது மகன், மூன்று பேருக்கும் நானே உட்கார்ந்து தயார் செய்தேன். விசா வந்தது, போய்விட்டும் வந்தோம்.

முதலில் எந்த நாட்டிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். ஒரே விசாவில் சுற்றிவர விடும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன். அதில் 29 நாடுகள் இருந்தாலும், எது சுலபமாகக் கொடுக்கிறதோ அங்கே கேட்கலாம் என்றில்லை. எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு பிரான்சில் 5 இரவு, சுவிட்சர்லாந்தில் 4 இரவு. அதனால் பிரான்ஸ். படிவத்தை பிரான்ஸ் அரசின் விசா தளத்திலேயே நிரப்பி, சென்னையில் விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் மையத்துக்கு நேரம் பதிவு செய்தோம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். மே மாதப் பயணம் என்றால் பொங்கல் முடிந்ததுமே வேலையை ஆரம்பியுங்கள். பள்ளி விடுமுறை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். நம்மைப் போன்ற வியாபாரிகள் தடுமாறுவது இங்கேதான்.

நான் முதலில் ஒரு ஏஜென்டிடம் போனேன். பேங்க் ஸ்டேட்மெண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு வாரத்துக்கு அஞ்சு லட்சம் போட்டு வைக்கிறேன், வட்டி மட்டும் குடுத்துருங்க" என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஸ்டேட்மெண்டில் தூதரகத்தில் இருப்பவர்கள் கடைசி வரியை மட்டுமா பார்க்கிறார்கள்? மூன்று மாத வரவு செலவும் கண் முன்னால் இருக்கிறது. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று ஓடிய கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் என் கணக்கில் உண்மையிலேயே அப்படி ஒரு தொகை வந்தது. அந்த ஜனவரியில்தான் மகனுக்குக் காதணி விழா வைத்தோம். மொய்ப் பணத்தில் செலவு போக மீதி 4,80,000 ரூபாயைத் திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் கணக்கில் கட்டிவிட்டேன். விசா ஞாபகமே அப்போது இல்லை. பிப்ரவரியில் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஏஜென்ட் போடுகிறேன் என்ற பணத்துக்கும் இதற்கும் தாளில் என்ன வித்தியாசம்?

எங்கள் ஆடிட்டர், மறைக்காமல் எழுதுங்கள் என்றார். முகப்புக் கடிதத்தில் இரண்டே வரி: இந்தத் தேதியில் கட்டிய தொகை எங்கள் குடும்ப விழாவில் உறவினர்களும் நண்பர்களும் கொடுத்த அன்பளிப்பு, சாட்சிக்கு அழைப்பிதழும் பட்டியலும் இணைத்துள்ளோம். எங்கள் விழாவில் கம்ப்யூட்டர் மொய் வைத்திருந்ததால் பெயர், ஊர், தொகை எல்லாம் அச்சிட்ட பட்டியலாகவே கையில் இருந்தது. முதல் பக்கத்தையும் மொத்தத் தொகை உள்ள கடைசிப் பக்கத்தையும் அழைப்பிதழோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை வாங்கி வைத்தேன். மனைவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அது திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறைதானே, நம்ம பணம்னு எப்படிச் சொல்றது?" என்றாள். நியாயமான கேள்விதான், ஆனால் அதையும் தூதரகத்துக்கு எழுதி விளக்க எனக்குத் தெம்பில்லை.

அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பயணத்துக்குப் போதுமான இருப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பிரான்சுக்கு ஓட்டல் முன்பதிவு காட்டினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, காட்டாவிட்டால் 120 யூரோ என்று கணக்கு. கூடவே மூன்று வருட வருமான வரித் தாக்கல், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, கடையின் நடப்புக் கணக்கு ஸ்டேட்மெண்ட். ஸ்டேட்மெண்டில் வங்கி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். திரும்பி வருவோம் என்று நம்ப வைப்பது கடையும் வீடும்தான், அந்தத் தாள்களைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள்.

அடுத்தது பெயர். எனக்கு வங்கியில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் சர்நேம். மனைவி பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். எங்கள் ஊரில் இது சாதாரணம், படிவத்தைப் படிக்கிறவருக்கு மூன்று பேரும் வேறு வேறு குடும்பம் மாதிரித் தெரியும். எனக்கு பான் கார்டு நகல், எங்களுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ், மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் வைத்து முடிச்சுப் போட்டேன். கல்யாணமான புதிதில் மாமனார் விடாப்பிடியாக சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இழுத்துப் போனபோது சலித்துக்கொண்டேன், இப்போது அவருக்கு ஒரு கும்பிடு. டிக்கெட், ஓட்டல், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும். விமான டிக்கெட்டை முன்பதிவாக வைத்தால் போதும், விசா வருமுன் முழுப் பணமும் கட்டிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டூடியோ தம்பி, "கொஞ்சம் கலர் ஏத்திவிடவாண்ணே?" என்று பாசமாகக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45, அதற்கும் கீழே இல்லை. ரூபாயில் வாங்குவார்கள், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் திரும்பி வராது.

முதல் தடவை என்பதால் கைரேகைக்கு நேரில் போயே ஆக வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். ஆளுக்கொரு ஃபைலாக, ஒரிஜினலும் நகலும் தனித்தனியாக வைத்திருந்ததால் கவுண்டரில் சீக்கிரம் முடிந்தது. பத்து விரலும் வைத்தோம், 12 வயதுக்குள் என்பதால் மகனுக்கு அது இல்லை. அங்கே இருப்பவர்கள் தாள்களைச் சரிபார்த்து வாங்கிக்கொள்கிறவர்கள், முடிவு தூதரகத்துடையது. மொய்ப் பட்டியலைப் பார்த்த அந்தப் பெண் மட்டும் தலை நிமிர்ந்து சிரித்தார். அவரும் நம்ம பக்கமாக இருக்கலாம்.

12ஆம் நாள் பாஸ்போர்ட் வந்தது. உங்களுக்கு வந்ததும் விசா ஸ்டிக்கரில் பெயர், தேதி, எத்தனை முறை நுழையலாம் என்பதைப் பாருங்கள். எங்களுக்கு ஒரு முறைதான் கொடுத்திருந்தார்கள். அப்படியென்றால் நடுவில் லண்டன் போய்விட்டு மறுபடி பாரிஸுக்குள் வர முடியாது, லண்டன் ஷெங்கனுக்குள் இல்லை. திட்டத்தில் அது இருந்தால் விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு என்று கேட்டு, பிரிட்டன் விசாவையும் காட்டுங்கள்.