கால் குட்டையானவர்களுக்கு மவுண்டன் பைக் சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

கேள்வி: என் உயரம் 155 செ.மீ. உடம்போடு பார்த்தால் கால்தான் குட்டை, உள்கால் அளவு (கவட்டையிலிருந்து தரை வரை) 68 செ.மீ. பைக்கில் 175 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) இருக்கிறது. நிறுத்தினால் கால் தரையில் ஊன்ற வேண்டுமே என்று சீட்டை நன்றாக இறக்கி வைத்து ஓட்டினேன், முட்டிச் சில்லைச் சுற்றி வலி. அப்புறம் உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்கி 60 செ.மீ.க்கு ஏற்றினேன். இப்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது, முட்டிக்குப் பின்னால் இழுக்கிறது. எதுதான் சரி?

பதில்: 57 செ.மீ. பக்கத்தில் ஆரம்பியுங்கள். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் கால் குட்டையான நிறையப் பேர் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டூர் டி பிரான்ஸ் போட்டியை 1986, 1989, 1990 என்று மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவியது 0.883 கணக்கு. பாட்டம் பிராக்கெட்டின், அதாவது கிராங்க் சுற்றும் அச்சின், நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை எவ்வளவு என்று அது சொல்லும். ஆனால் கிராங்க் நீளம் அதில் எங்கேயுமே வராது. உங்கள் கால் எட்ட வேண்டியது பெடலை, பாட்டம் பிராக்கெட்டை இல்லையே. 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட இன்னொரு கணக்கு இருக்கிறது: பெடல் அச்சிலிருந்து சீட் வரை உள்கால் அளவில் 109 சதவீதம். உள்கால் 85 செ.மீ. உள்ளவருக்கு 175 மி.மீ. கிராங்கோடு இரண்டு கணக்கையும் போட்டால் இரண்டுமே 75 செ.மீ. என்றுதான் வரும், வித்தியாசமே தெரியாது. உங்கள் 68-க்குப் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கு 60 என்கிறது. இரண்டாவதில் 74.1 வருகிறது, கிராங்கின் 17.5-ஐக் கழித்தால் 56.6. கிட்டத்தட்ட மூன்றரை செ.மீ. இடைவெளி! கால் குட்டையாகிறது, கிராங்க் மட்டும் அப்படியே இருக்கிறது, அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் இடுப்பில் வந்து விழுகிறது. அதனால்தான் பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்து காலை நீட்டிக்கொடுக்கிறது.

இந்த எண்ணும் ஆரம்பப் புள்ளிதான். மீதியைக் குதிகால் சொல்லும். பைக்கைச் சுவரோரம் நிறுத்தி, தினமும் ஓட்டும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு கிராங்கை சீட் டியூபின் (சீட்டுக்குக் கீழே இறங்கும் ஃப்ரேம் குழாய்) நேர்க்கோட்டில் கீழே கொண்டுவந்து, குதிகாலைப் பெடலின் நடுவில் வையுங்கள். முட்டி மடங்காமல், இடுப்பும் சாயாமல் குதிகால் பெடலைத் தொட்டபடி இருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் சீட் உயரம், முட்டி மடங்கியே இருந்தால் தாழ்வு. பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி தானாகவே கொஞ்சம் மடங்கும், சுமார் 25 முதல் 35 பாகை வரை. கரடுமுரடான பாதையில் உடம்பை அசைக்க இடம் வேண்டும் என்பதால் மவுண்டன் பைக்குக்கு நான் 30-க்கு மேல் இருப்பதையே விரும்புவேன். கடைசியாக யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். சீட்டின் பின்விளிம்புக்கு மேலே உங்கள் இடுப்புப் பட்டி படகு மாதிரி ஆடினால் இன்னும் 3 மி.மீ. இறக்குங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ. போதும், அப்புறம் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாற்றம்.

தரையில் கால் ஊன்றும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள், உங்கள் முட்டி வலி அங்கிருந்துதான் தொடங்கியது. மவுண்டன் பைக்கில் பாட்டம் பிராக்கெட்டே தரையிலிருந்து 31 முதல் 34 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் சரியான உயரத்தில் சீட் வைத்தால் தரையிலிருந்து ஏறக்குறைய 87 செ.மீ. ஆகிறது. உங்கள் உள்கால் 68. சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதியவே பதியாது, நெட்டைக் கால்காரர்களுக்கும் அப்படித்தான். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி டாப் டியூபுக்கு (ஃப்ரேமின் மேல் குழாய்) மேல் நிற்கப் பழகுங்கள். அப்படி நிற்கும்போது டாப் டியூபுக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இருக்க வேண்டும். அது இல்லையென்றால் சீட்டை என்ன செய்தாலும் பயனில்லை, ஃப்ரேமே உங்களுக்குப் பெரிது.

என்னைக் கேட்டால் சீட்டை விட முக்கியமான மாற்றம் கிராங்கில்தான் இருக்கிறது. பெடல் மேலே வரும் நேரத்தை யோசியுங்கள். அப்போது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே உங்களுக்குக் கிடைப்பது சுமார் 39 செ.மீ., உள்கால் அளவில் 57 சதவீதம். உள்கால் 85 உள்ளவருக்கு அதே கிராங்கில் 68 சதவீதம் கிடைக்கிறது. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் முட்டி அவருடையதை விட அதிகமாக மடங்கி, தொடை வயிற்றை நோக்கி ஏறி, அந்த நிலையிலிருந்து பலம் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது. சீட்டைச் சரியாக வைத்த பிறகும் முட்டிச் சில்லு வலிக்கிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். 160 மி.மீ. கிராங்குக்கு மாறினால் கீழே எட்ட வேண்டிய தூரம் 15 மி.மீ. குறையும், அதே அளவு சீட்டை ஏற்றலாம், ஆக மேலே மொத்தம் 3 செ.மீ. இடம் கிடைக்கும். பெடல் கல்லில் இடிப்பதும் குறையும். நெம்புகோல் குட்டையாவதால் ஏற்றத்தில் ஒரு கியர் லேசாகப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கிராங்கை மாற்றிவிட்டு சீட்டை ஏற்ற மறந்துவிடாதீர்கள்.

சிலருக்கு வேறு சிக்கல்: கணக்கு சொல்லும் உயரத்துக்கு சீட் இறங்கவே இறங்காது. சீட்டைத் தாங்கும் கம்பமான போஸ்ட், சீட் டியூபுக்குள் எதிலோ முட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீர் பாட்டில் கூட்டை மாட்டும் போல்ட்டின் நுனி, டியூபின் வளைவு, இப்படி ஏதாவது இருக்கும். அப்படியானால் சாதாரண அலுமினிய போஸ்ட்டின் அடிப்பகுதியை ஹாக்சாவால் அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால் ஒன்று கவனம்: குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று போஸ்ட்டில் போட்டிருக்கும் கோடு, அறுத்த பிறகு செல்லாது. 10 செ.மீ.யாவது டியூபுக்குள் இருக்க வேண்டும், டாப் டியூப் வந்து சேரும் வெல்டையும் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். டிராப்பர் போஸ்ட்டை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) எந்தக் காரணத்துக்கும் அறுக்கக் கூடாது. போஸ்ட்டின் தலையே அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றால் அறுத்தும் பயனில்லை. அப்போது சீட்டைப் பாருங்கள். தடித்த ஜெல் சீட்டை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டால் ஒன்றிரண்டு செ.மீ. கிடைத்துவிடும்.

இறக்கத்தில் பயமாக இருக்கிறது என்று சீட்டை நிரந்தரமாகத் தாழ்த்தி வைப்பவர்களுக்கு டிராப்பர் போஸ்ட் நல்ல வழி, பட்டனை அழுத்தினால் தாழும், ஏற்றத்தில் மறுபடி எழும்பும். வாங்குவதற்கு முன் சரியான உயரத்தில் சீட்டை வைத்து, ஃப்ரேமின் கிளாம்பிலிருந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பி வரை அளந்துகொள்ளுங்கள். முழுதாக எழும்பிய டிராப்பரின் வெளியே தெரியும் நீளம் அதற்குள் அடங்க வேண்டும். உங்கள் அளவுக்கு 150 மி.மீ. இறக்கம் உள்ளது பெரும்பாலும் அடங்காது, குட்டையானதாகத் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, போஸ்ட் சாய்வாக இருப்பதால் 1 செ.மீ. இறக்கினால் சீட் சுமார் 3 மி.மீ. முன்னாலும் வந்துவிடும். நீங்கள் 60-லிருந்து 57-க்கு வரப்போகிறீர்கள், அதனால் கம்பியில் சீட்டைக் கிட்டத்தட்ட 1 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள். பின்னுக்குத் தள்ளினால் பெடல் கொஞ்சம் தூரமாகும், குதிகாலை வைத்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் கிளாம்பை ஒட்டி போஸ்ட்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவையுங்கள். பைக்கைக் கழுவும்போதோ வண்டியில் ஏற்றும்போதோ போஸ்ட்டைக் கழற்ற வேண்டிவந்தால், மறுபடி அளக்காமல் அதே இடத்தில் நிறுத்திவிடலாம்.